பாசியன்று, பிசின்

அந்தமானின் சாத்தம் துறையில் நெடுநாள் கட்டிக்கிடந்த படகின் அடியைத் தொட்டால் கை வழுக்கும். ‘பாசி’ என்று சொல்லிக் கடந்துவிடுவது தமிழர் வழக்கம். பாசி பற்றுவதற்கு முன்பே அங்குப் பாக்டீரியாக்கள் குடியேறி, தாம் சுரந்த பிசினுக்குள் கூடிவாழத் தொடங்கிவிடுகின்றன. நோயாளிக்குப் பொருத்திய சிறுநீர்க் குழாயிலும் நிகழ்வது இதுவே. தனித்துத் திரியும் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தளவைப்போல் ஆயிரம் மடங்கைக்கூடப் பிசினுக்குள் இருப்பவை தாங்கக்கூடும்.

‘உயிர்ப்படலம்’ என்பது ஆங்கிலச் சொல்லின் நேர்பெயர்ப்பு. அதில் படலம் தெரிகிறது. ஆபத்து உறையும் பிசின் தெரியவில்லை. ‘உயிர்ப்பிசின்’ என்றால், மருந்து ஏன் தோற்கிறது என்பது மாணவருக்குச் சொல்லிலேயே விளங்கும்.

இதற்கு மாற்றாக ஆராயப்படுபவை, உயிரினங்கள் இயல்பாகச் சுரக்கும் பெப்டைடுகள். நேர்மின்னேற்றம் கொண்ட இவை, எதிர்மின்னேற்றமுள்ள பாக்டீரியச் சவ்வில் ஒட்டி அதைச் சிதைக்கின்றன. 1987இல் ஆப்பிரிக்கத் தவளைத் தோலில் கண்டறிந்த ஒன்றுக்கு, எபிரேயத்தில் கேடயத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து ‘மகைனின்’ என்று பெயரிட்டார் மைக்கேல் சாஸ்லாஃப். அதிலிருந்து உருவான பெக்சிகனானுக்கு 1999இல் அமெரிக்க ஒப்புதல் கிடைக்கவில்லை. நல்ல பெயர் மட்டும் மருந்தாகிவிடாது. கேரளத் தவளையிடம் கிடைத்து 2017இல் அறிவிக்கப்பட்ட ‘உருமின்’, சுருள்வாளாகிய உருமியின் பெயரைத் தாங்குகிறது. (அது வீழ்த்துவது பாக்டீரியாவை அன்று, ஃபுளூ வைரசை.) கேரளத்து வாள் உலக ஆய்விதழில் ஏறிய பின்னும், தமிழ்க் கலைச்சொல்லாக்கம் ஆங்கிலச் சொல்லைப் பிரித்துப் பெயர்ப்பதிலேயே நிறைவு காண்கிறது.