பவர் எழுதும் முன் வேலையை எழுதுங்கள்

குமரி மாவட்டத்தில் நிலம் ஓரிடத்திலும் நிலத்துக்காரர் வேறிடத்திலும் இருப்பது இன்று சாதாரணம். தோவாளைப் பக்கம் வயல் இருக்கும். உரியவர் சென்னையில் இருப்பார். விளவங்கோட்டில் ரப்பர் தோட்டம் இருக்கும். உரியவர் துபாயிலோ குவைத்திலோ இருப்பார். விடுமுறை முடிந்து புறப்படும் அவசரத்தில், ஊரில் இருக்கும் தம்பிக்கோ மைத்துனருக்கோ தெரிந்த ஒருவருக்கோ 'ஒரு பவர்' எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். எந்த வேலைக்காக அந்தப் பவர், அதில் எந்தெந்த அதிகாரம் எழுதியிருக்கிறது என்று வரி வரியாகப் படித்துப் பார்ப்பவர்கள் குறைவு. தண்ணீர் பாய்ச்சவும் பாட்டம் வாங்கவும் கொடுத்த பவரில் 'விற்கவும்' என்ற ஒரு சொல் சேர்ந்திருந்தால், அது நிலத்தையே கைமாற்றிவிடும்.

அடுத்தவர் சொத்தை ஒருவர் நிர்வகிப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. மருமக்கள்வழி நிலவிய காலத்தில் நாஞ்சில் நாட்டுக் குடும்பங்களில் காரணவர் சொத்தை நிர்வகிப்பவரே தவிர, தனி உரிமையாளர் அல்லர். அந்த நிர்வாகம் உரிமைபோல நடந்துகொண்டதால் வந்த வழக்குகளையும் துயரங்களையும் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மிய'த்தில் பாடினார். 1926இல் திருவிதாங்கூர் அரசு கொண்டுவந்த நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் பாகப் பிரிவினைக்கு வழி திறந்தது. நிர்வாகம் வேறு, உடைமை வேறு என்ற அந்தப் பாடம் பவர் பத்திரத்துக்கும் பொருந்தும்.

1882ஆம் ஆண்டின் அதிகாரப் பத்திரச் சட்டமும், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் முகவர் பற்றி வரும் பிரிவுகளும் இதற்கு அடிப்படை. நடைமுறையில் பவர் இரண்டு வகைப்படும்.

முதலாவது தனி அதிகாரம். ஸ்பெஷல் பவர் என்கிறோம். இன்ன சர்வே எண் நிலத்தை அளக்க மனு கொடுக்க, ஏற்கெனவே பேசி முடித்த பாகப் பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்ய, ஒரு குறிப்பிட்ட வழக்கை நடத்த என்று ஒரு வேலைக்காக மட்டும் கொடுப்பது இது. வேலை முடிந்தால் அதிகாரமும் முடிந்தது.

இரண்டாவது பொது அதிகாரம். நிலத்தைப் பராமரிக்க, பாட்டத்துக்கு விட, வரி கட்ட, வழக்காட, அடமானம் வைக்க, விற்க எனப் பல வேலைகளுக்கு ஒருவரை அமர்த்துவது. இதற்குள்ளும் பராமரிப்புக்கு மட்டுமான பவர் உண்டு, விற்கும் அதிகாரத்தோடு கூடிய பவர் உண்டு. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். பவரில் எழுதாத அதிகாரம் முகவருக்கு இல்லை என்றே நீதிமன்றங்கள் பொருள் கொள்கின்றன. பராமரிக்க மட்டும் பவர் பெற்றவர் அடமானம் வைக்க முடியாது. ஆகவே எழுதாமல் விடுவதே நமக்குப் பெரிய பாதுகாப்பு.

'ரத்து செய்ய முடியாத பவர்' என்று ஒன்றையும் சில இடங்களில் எழுதுகிறார்கள். அந்தச் சொற்களை எழுதிவிட்டால் மட்டும் அது அப்படி ஆகிவிடாது. முகவருக்கு அந்தச் சொத்தில் உண்மையான நலன் ஒன்று இருந்தால்தான் ஒப்பந்தச் சட்டத்தின் 202ஆம் பிரிவு அவரைக் காக்கும். மற்றபடி, எழுதிக் கொடுத்தவர் இறந்தாலோ மனநிலை தவறினாலோ பவர் தானாகவே முடிவுக்கு வந்துவிடும். மறதி நோயில் விழுந்துவிட்ட தந்தை பத்து ஆண்டுகளுக்கு முன் கொடுத்த பவரைக் கொண்டு மகன் இன்று நிலம் விற்றால், அந்த விற்பனை நீதிமன்றத்தில் நிற்பது கடினம். முகவர் பத்திரம் பதிய வரும்போது, எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கான சான்றைச் சார்பதிவாளர் அலுவலகம் கேட்பது இதனால்தான்.

நிலம் வாங்குகிறவர்களும் கவனிக்க வேண்டும். 'முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டேன், பவர் என் பெயரில் இருக்கிறது, நிலம் என்னுடையது' என்று இன்னும் பேசுகிறார்கள். 2011 அக்டோபரில் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது: பவர், விற்பனை ஒப்பந்தம், உயில் ஆகியவற்றைக் கொண்டு நிலத்தின் உரிமை மாறாது, பதிவு செய்த கிரயப் பத்திரம் வேண்டும். குடும்பத்தினருக்கு நிர்வாகத்துக்காகக் கொடுக்கும் உண்மையான பவர்களை இந்தத் தீர்ப்பு பாதிக்காது என்றும் அதே நீதிமன்றம் சொன்னது.

2025 பிப்ரவரியில் கர்நாடக வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதையே மீண்டும் உறுதிசெய்தது. 1986இல் பவரும், பதிவு செய்யாத விற்பனை ஒப்பந்தமும் பெற்ற ஒருவர், உரிமையாளர் 1997இல் இறந்த பிறகு, 1998இல் அந்த நிலத்தைத் தன் மகனுக்கு எழுதிக் கொடுத்தார். உரிமையாளரின் மரணத்தோடு பவர் முடிந்துவிட்டது, அந்தக் கிரயம் செல்லாது என்று தீர்ப்பானது.

இப்படிப் பவரை நம்பிப் பணம் கொடுத்த விவசாயிக்குப் பட்டா வராது. அந்த நிலத்தைக் காட்டிக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்க முடியாது. நான்குவழிச் சாலைக்கு நிலம் எடுத்தால் இழப்பீட்டுத் தொகை உரிமை ஆவணம் வைத்திருப்பவருக்கே போகும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. குடும்ப நிலத்தில் தங்கள் பங்குக்கு, 'சும்மா ஒரு கையெழுத்து' என்று அண்ணனுக்குப் பவர் கொடுக்கும் சகோதரிகள் இங்கு உண்டு. இந்தப் பங்கு எளிதில் வந்ததல்ல. திருவிதாங்கூர் சட்டப்படி, தந்தை உயில் எழுதாமல் இறந்தால் கிறிஸ்தவ மகளுக்கு மகனின் பங்கில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுதான் கிடைத்தது. 1986இல் மேரி ராய் வழக்கின் தீர்ப்புதான் சம பங்கு தந்தது. இந்துக் குடும்பங்களில் 1989ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தமும் மகளுக்குச் சம உரிமை தந்தன. சட்டம் கொடுத்ததை விற்பனைப் பவர் ஒன்றில் இட்ட கையெழுத்து கரைத்துவிடக் கூடாது. பங்கைப் பிரித்துப் பத்திரம் பதிந்து, தன் பெயரில் பட்டா வாங்கிய பிறகு பராமரிப்புக்கு மட்டும் பவர் கொடுப்பதே சகோதரிகளுக்கு நல்லது.

எனவே பவர் எழுதும் முன் ஒரு தாளில் வேலையை எழுதிப் பாருங்கள். வேலை ஒன்றுதான் என்றால் தனி அதிகாரம் போதும். பாட்டத்துக்கு விடுவதுதான் நோக்கம் என்றால், பயிரிடுபவரோடு எழுத்துப்பூர்வமான குத்தகை ஒப்பந்தம் போதும், பவரே தேவையில்லை. பராமரிப்புப் பவர் என்றால் 'விற்கவோ அடமானம் வைக்கவோ அதிகாரம் இல்லை' என்று வெளிப்படையாக எழுதுங்கள். ரப்பர் மரம் வெட்டி மறுநடவு செய்ய வேண்டியிருந்தால், மரத்தை விற்கும் அதிகாரத்தை மட்டும் சர்வே எண்ணோடு குறிப்பிடுங்கள். விற்கும் அதிகாரம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், குறைந்தபட்ச விலையையும், பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும் என்பதையும் எழுதுங்கள். முகவர் தனக்குப் பதிலாக வேறொருவரை நியமித்துக்கொள்ளலாம் என்ற வரி இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். காலக் கெடுவும் போடுங்கள். கணக்குக் கேட்பது உங்கள் உரிமை. கேட்கும்போது காட்ட வேண்டியது முகவரின் கடமை.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் அசையாச் சொத்து தொடர்பான பவரைப் பதிவு செய்வது கட்டாயம். வெளிநாட்டில் எழுதிய பவருக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. அங்கிருப்பவர்கள் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பலாம். அது இங்கு வந்து சேர்ந்த 3 மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். பவரை ரத்து செய்ய நினைத்தால் வாய்ச்சொல் போதாது. ரத்துப் பத்திரத்தைப் பதிவு செய்து, முகவருக்குப் பதிவுத் தபாலில் தெரிவித்து, நிலம் வாங்கப் பேசிக்கொண்டிருப்பவர்களுக்கும் சொல்லிவிட வேண்டும். ரத்தானது தெரியாமல் வாங்கியவரைச் சட்டம் காக்கக்கூடும் என்பதால் இதில் தாமதம் ஆபத்து.

எல்லாப் பொறுப்பையும் விவசாயியின் தலையில் வைத்துவிட்டுப் போவதும் சரியல்ல. பவர் பதிய வருபவரை, முகவரை வெளியே இருத்திவிட்டுத் தனியாகக் கூப்பிட்டு, 'விற்கும் அதிகாரமும் கொடுக்கிறீர்களா?' என்று சார்பதிவாளர் பேச்சுத் தமிழில் ஒருமுறை கேட்டால் பல வழக்குகள் பிறக்காமலே போகும். முகவர் பத்திரம் தாக்கல் செய்யும் ஒவ்வொரு முறையும், எழுதிக் கொடுத்தவரின் கைபேசிக்குத் தகவல் தவறாமல் போக வேண்டும். வேளாண்மைக்கு மட்டுமான பவரின் மாதிரி வாசகத்தை எளிய தமிழில் அச்சிட்டு, ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் வேளாண் விரிவாக்க மையங்களிலும் வைக்கலாம். நாகர்கோவிலில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு பெண்களுக்கு இலவசமாகச் சட்ட உதவி தருகிறது என்பதை, வயல்வெளிக்குப் போகும் களப் பணியாளர்கள் அங்கேயே சொல்ல வேண்டும்.

உரத்துக்கும் விதைக்கும் ஆலோசனை கேட்கும் விவசாயி, கையெழுத்துக்கும் கேட்கப் பழக வேண்டும். கும்பப்பூ பொய்த்தால் அடுத்த கன்னிப்பூவில் ஈடுகட்டலாம். கைமாறிய நிலத்தை மீட்க ஒரு தலைமுறை நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கும்.