காலுக்குத் தெரியாத சேதி



"புருசனைப் பறிகொடுத்தவளுக்கு மலை பார்க்கிற ஆசை வேறேயா?" வெருகலிலிருந்து எங்களுடன் ஹோட்டன் சமவெளிக்கு வந்த ஓர் அம்மாவிடம் அயலவர் இப்படிக் கேட்டார்களாம். அதைச் சொல்லிக்கொண்டேதான் அவர் பஸ் ஏறினார்.

ஹோட்டன் சமவெளிக்கு வருவோரில் அநேகர் 'உலக முடிவு' பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கிரிகல்பொத்த மலைப் பக்கம் போவோர் சிலரே. ஏறக்குறைய 2,390 மீற்றர் உயரமான அது, இலங்கையின் 2ஆவது உயர்ந்த மலை. போவதற்கு மட்டும் சுமார் 7 கிலோமீற்றர் நடக்க வேண்டும். புல்வெளி, சேறு, சிற்றோடை, பாசி படர்ந்த குட்டைமரக் காடு, கடைசியில் பாறை என்று பாதை மாறிக்கொண்டே போகும்.

அந்த அம்மா என் காலடி பதிந்த இடத்திலேயே தன் காலை வைத்து நடந்தார். ஓரிடத்தில் பாதை முழுவதும் சேறு. நான் ஓரத்துப் புல்லில் கால் வைக்கப்போனேன். "இறங்காதே பிள்ள!" என்று கையைப் பிடித்து இழுத்தார். 2006இல் இடம்பெயர்ந்து, ஊர் திரும்பிய பின்னரும் மிதிவெடிப் பயத்தால் வரம்பை விட்டு இறங்காமல் பல மாதங்கள் வாழ்ந்தவர் அவர்.

"இங்கே மிதிவெடி இல்லை அம்மா" என்றேன்.

"தெரியும் பிள்ள. காலுக்குத்தான் தெரியாமக் கிடக்கு."

சமூகவியல் படித்த எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. எங்களோடு வந்த வழிகாட்டியும், "பாதையிலேயே வாருங்கள், புல் மிதிபடக்கூடாது" என்றார். அம்மா சிரித்துவிட்டார். "அங்க நாங்க சாகாம இருக்கப் பாதை. இங்க புல்லுச் சாகாம இருக்கப் பாதை!"

இச்சமவெளியிலிருந்து மகாவலி, களனி, வளவை ஆகிய 3 ஆறுகளுக்கும் நீர் போகிறது. 335 கிலோமீற்றர் ஓடும் மகாவலியின் ஒரு கிளைதான் வெருகல் ஆறு. இதைச் சொன்னதும் அம்மா ஓடையில் கை நனைத்தார். "அப்ப இது எங்கட ஊருக்கு வாற தண்ணியா?" என்று கேட்டு, வெகுநேரம் அங்கேயே இருந்தார். திரும்பும்போது எனக்கு முன்னே நடந்தார்.

சகோதரிகளே, வெடி அகற்றியதாக உறுதியாகாத காணியில் எவரும் கால் வைக்க வேண்டாம். எச்சரிக்கைப் பலகையை மதியுங்கள். ஆனால் வெடி அகற்றிய பின்னும் காலில் ஒட்டியிருக்கும் பயத்துக்காக வெட்கப்படாதீர்கள். அது புத்தி சொல்லிப் போகாது. நடந்து நடந்துதான் குறையும். தனியே வேண்டாம், நாலு பேராகச் சேர்ந்து நடவுங்கள். அயலவர் கேட்டால், எங்கள் ஆறு தொடங்கும் இடத்தைப் பார்க்கப் போனோம் என்று சொல்லுங்கள்.