பாட்டி தைத்த போர்வையை யாருக்குக் கொடுப்பது? மூட்டையைத் தூக்கும் முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

வீடு மாறும் நாளில்தான் அது கண்ணில் படும். லாஃப்ட்டில் இருந்து சூட்கேஸ், பழைய மிக்ஸி, கொலு பொம்மைப் பெட்டி எல்லாம் இறங்கிய பிறகு, கடைசியாக ஒரு துணி மூட்டை. பிரித்துப் பார்த்தால் பழைய காட்டன் புடவைகளை அடுக்கி, கையாலேயே தைத்த நாலைந்து போர்வைகள். பாட்டி தைத்தது, அல்லது பெரியம்மா தைத்தது.

"இதை என்ன பண்றது?" என்று ஒருவர் கேட்பார். "தூக்கிப் போட மனசு வரலையே" என்பார் இன்னொருவர். அப்புறம் என்ன, மூட்டை இந்த வீட்டு லாஃப்ட்டில் இருந்து அடுத்த வீட்டு லாஃப்ட்டுக்குப் போகும்.

இது பழைய போர்வைகளுக்கு மட்டும் வரும் பிரச்னை இல்லை. லாக்டவுனில் யூடியூப் பார்த்து 'குவில்ட்டிங்' கற்றுக்கொண்ட ஐடி ஊழியர்களுக்கும் இதே கதைதான். முதல் குவில்ட் சொந்தப் படுக்கைக்கு, இரண்டாவது அம்மாவுக்கு, மூன்றாவது கல்யாணமான தோழிக்கு. ஏழாவது, எட்டாவது யாருக்கு?

பலரும் யோசிக்கத் தொடங்கும் இடமே தப்பு. 'கையில் போர்வை இருக்கு, யார் தலையிலாவது கட்டணும்' என்று ஆரம்பிக்கிறார்கள். 'யாருக்கு என்ன தேவை?' என்று ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில், இந்தப் போர்வைக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

கடையில் வாங்கும் கம்பளியோ 'கம்ஃபர்ட்டரோ' மெஷினில் வருவது. கைத்தையல் போர்வை என்பது இரண்டு, மூன்று அடுக்குத் துணிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, அவை நகராமல் இருக்க முழுப் பரப்பிலும் பொடிப்பொடியாகத் தையல் ஓட்டிச் செய்வது. நடுவில் பஞ்சு வைப்பவர்களும் உண்டு. பழைய துணியையே அடுக்குபவர்களும் உண்டு.

இந்தியாவில் இதற்கு ஊருக்கு ஒரு பெயர். வங்காளத்தில் காந்தா, மகாராஷ்டிராவில் கோதடி, வட கர்நாடகாவில் கௌதி. பிகாரில் சுஜனி, பிறந்த குழந்தைக்காகப் பழைய புடவைத் துண்டுகளை இணைத்துத் தைப்பது அங்கே வழக்கம். கர்நாடகாவின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்கப் பூர்வீகம் கொண்ட சித்தி சமூகப் பெண்கள் தைப்பது 'கவந்தி'. ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே போய், நான்கு மூலையிலும் சின்னதாக மடித்த துணியைப் 'பூ' மாதிரி வைத்து முடிப்பார்கள்.

தமிழ்நாட்டு வீடுகளில் இதற்கு இப்படி ஒரு தனிப் பெயரோ பிராண்டோ கிடையாது. ஆனால் பழம்புடவையின் அருமை இங்கே எல்லோருக்கும் தெரியும். தூளி கட்டுவது அதில்தான், பச்சைக் குழந்தையைப் படுக்க வைப்பதும் அதன் மேல்தான். நூறு முறை துவைத்த காட்டனுக்கு இருக்கும் மென்மை புதுத் துணிக்கு வராது.

எல்லா ஊரிலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: இவை ஷோகேஸில் வைக்கத் தைக்கப்பட்டவை கிடையாது. போர்த்த, விரிக்க, குழந்தையைச் சுற்றத் தைக்கப்பட்டவை.

லாஃப்ட்டிலேயே இருந்தால் என்ன நஷ்டம்?

நஷ்டம் இருக்கு. பருத்தி சும்மா வைத்தாலும் கெடும். பல வருடம் ஒரே மடிப்பில் இருந்தால் அந்த மடிப்பிலேயே நைந்து கிழியும். பிளாஸ்டிக் கவரில் கட்டினால் ஈரம் உள்ளேயே தங்கி பூஞ்சை பிடிக்கும். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். எலி, வெள்ளிமீன் பூச்சி பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இன்னொரு நஷ்டம், கதை போய்விடுவது. 'இந்தப் பச்சைத் துண்டு அத்தையோட நிச்சயதார்த்தப் புடவை' என்று சொல்லத் தெரிந்தவர் இருக்கும்வரைதான் அது பாட்டியின் போர்வை. அதற்குப் பிறகு வெறும் பழைய துணி.

அதனால் 'பத்திரமா வெச்சிருக்கோம்' என்பது பல வீடுகளில் 'முடிவெடுக்காம வெச்சிருக்கோம்' என்பதன் இன்னொரு பெயர்.

2004 சொல்லித்தந்த பாடம்

சரி, யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று முடிவெடுத்தால்? இங்கேதான் கவனம் தேவை. தமிழ்நாட்டுக்கு இதில் நேரடி அனுபவமே இருக்கு.

2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்த பிறகு நாடு முழுவதிலும் இருந்து லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. கொடுத்தவர்களின் மனசில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாகப்பட்டினம் பக்கம் சாலையோரங்களில் அந்தத் துணிகள் குவியல் குவியலாகக் கிடந்தன. கிழிந்தது, அழுக்கானது, அந்த ஊர் மக்கள் உடுத்தவே உடுத்தாத குளிர்கால உடைகள். வீட்டையும் படகையும் இழந்து நின்றவர்கள் முன்னால் ஊரார் வேண்டாமென்று ஒதுக்கியதைக் கொட்டினால், அதற்குப் பெயர் உதவியா?

'கிடைக்கிறதை வாங்கிக்கட்டுமே' என்ற எண்ணம்தான் இந்த மாதிரி குவியலை உருவாக்குகிறது. கையால் தைத்த போர்வையும் கேட்காமல் கொடுத்தால் அதே குவியலில்தான் போய்ச் சேரும். ஆறு மாத உழைப்பு என்பது தைத்தவருக்குத் தெரியும். வாங்குபவருக்கு அது வெயில் காலத்தில் கையில் திணிக்கப்பட்ட ஒரு கனமான துணி.

இந்த விஷயத்தில் வேறு வழியைக் காட்டியது கூஞ்ச் அமைப்பு. 1999-ல் தொடங்கப்பட்ட இந்த அமைப்பின் நிறுவனர் அன்ஷு குப்தாவுக்கு 2015-ல் மகசேசே விருது கிடைத்தது. கிராம மக்கள் தங்கள் ஊருக்குத் தேவையான வேலையைத் தாங்களே தேர்ந்தெடுக்கிறார்கள். கிணறு தோண்டுகிறார்கள், பாதை போடுகிறார்கள். அந்த உழைப்புக்கு மதிப்பாகத் துணியும் மற்ற பொருள்களும் தரப்படுகின்றன. துணி ஒன்றுதான், ஆனால் கை நீட்டி வாங்குவதற்கும் உழைத்துப் பெறுவதற்கும் நிறைய வித்தியாசம். கிழிந்த துணிகளை அடுக்கி 'சுஜ்னி' விரிப்புகளாகத் தைக்கும் வேலையும் அங்கே நடக்கிறது.

கேட்டுவிட்டுத் தைத்தால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் 1995-ல் கேரன் லவுக்ஸ் என்ற பெண் 'பிராஜெக்ட் லைனஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். புற்றுநோய் சிகிச்சையின்போது தன் போர்வையைப் பிடித்துக்கொண்டே வலியைத் தாங்கிய ஒரு குழந்தையைப் பற்றிப் படித்ததுதான் காரணம். 'பீனட்ஸ்' கார்ட்டூனில் எப்போதும் போர்வையோடு திரியும் சிறுவன்தான் லைனஸ்.

அவர்கள் வைத்திருக்கும் நிபந்தனை எளிமையானது: கையால் செய்ததாக இருக்கணும், புதுசாக இருக்கணும், துவைக்கக் கூடியதாக இருக்கணும். நோயாளிக் குழந்தைகளுக்குப் போவதால் பழசு வேண்டாம். இதைப் படிக்காமல் பாட்டியின் போர்வையை பார்சல் செய்தால் தப்பு யார் மேல்?

குறை மாதத்தில் பிறந்த குழந்தைகள் இருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்காகத் தைப்பவர்களும் உண்டு. அங்கே குட்டிக் குவில்ட்டைப் பல நேரம் இன்குபேட்டர் மேல் போடுகிறார்கள், வெளிச்சம் குழந்தையின் கண்ணில் படாமல் இருக்க. தைப்பவர் மனசில் இருப்பது 'குழந்தைக்குப் போர்த்தி விடுவாங்க' என்ற படம். மருத்துவமனைக்கு வேண்டியது ஒரு திரை. கேட்டால்தானே தெரியும்?

ஒரு வயது ஆகும்வரை குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வையோ தலையணையோ கூடாது என்றுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி அறிவுறுத்துகிறது. மூச்சு முட்டும் அபாயம் இருக்கு. ஆக, சீமந்தத்துக்குக் குவில்ட் கொடுக்கப் போகிறவர்கள், அதைக் குழந்தை கீழே புரண்டு விளையாடும் விரிப்பாகக் கொடுக்கலாம். அதையும் சொல்லியே கொடுக்கலாம்.

இங்கேயும் கேட்க ஆள் இருக்கிறார்கள். முதியோர் இல்லத்தில் கேட்டால் 'கனமா வேண்டாம், எங்க வாஷிங் மெஷின் தாங்காது, சக்கர நாற்காலியில் உட்காரும்போது மடியில் போடுற அளவு போதும்' என்று சொல்லக்கூடும். சென்னை விடுதிக்கு மெல்லிய புடவை அடுக்கு போதும். ஊட்டி, கொடைக்கானல் விடுதிக்குப் பஞ்சு வைத்தது வேண்டும். விலங்குக் காப்பகத்துக்குக் கொடுப்பதானால் பஞ்சு வைத்தது வேண்டவே வேண்டாம், நாய் கடித்துக் குதறி விழுங்கிவிடும். ஒரு போன் கால் போதும்.

சும்மா கொடுக்கணுமா? விற்கக்கூடாதா?

தாராளமாக விற்கலாம். ஆனால் கணக்குப் போட்டுவிட்டு.

ஒரு சிங்கிள் படுக்கை அளவுப் போர்வையைக் கையால் தைக்க 60 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்றால் ஏழரை நாள் வேலை. 2024-25-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டக் கூலி நாளுக்கு 319 ரூபாய். அந்தக் கணக்கிலேயே கூலி மட்டும் 2,392 ரூபாய் வருகிறது. துணி, நூல், பஞ்சு எல்லாம் தனி. இதைப் பார்த்துவிட்டு '800 ரூபாய்க்குத் தருவீங்களா?' என்று இன்ஸ்டா டிஎம்மில் கேட்பவரிடம் என்ன சொல்வது?

'இது ஹாபிதானே, கிடைச்ச வரைக்கும் லாபம்' என்று விற்பவர்கள் ஒன்றை யோசிக்கணும். அந்த விலை, இதையே பிழைப்பாக வைத்திருக்கும் பெண்களின் விலையையும் கீழே இழுக்கும். அதைவிடப் பிடித்தவருக்கு இலவசமாகவே கொடுத்துவிடலாம்.

விலையும் பெயரும் யாருக்குப் போகிறது என்ற கேள்விக்கு ஜீஸ் பெண்ட் ஊரின் கதை நல்ல உதாரணம். அமெரிக்காவின் அலபாமாவில் உள்ள அந்தக் கறுப்பினக் கிராமத்தில் பெண்கள் பழைய வேலை உடைகளை வெட்டி இணைத்துக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். பழசானவற்றைக் கொசு விரட்டப் புகை போட்டதும் உண்டு. அதே ஊரின் போர்வைகள் 2002-ல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவரில் தொங்கின. 2006-ல் அமெரிக்கத் தபால் தலைகளில் வந்தன.

நல்ல முடிவு மாதிரி தெரியுதா? 2007-ல் சில தையல் கலைஞர்கள், தங்களுக்குச் சேர வேண்டிய பங்கு வரவில்லை என்று வழக்குப் போட்டார்கள். 2008-ல் சமரசமாக முடிந்தது. போர்வைக்குப் பெரிய வீடு கிடைத்துவிட்டது என்பதால் தைத்தவருக்கும் நியாயம் கிடைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆன்லைனில் 'ஹேண்ட்மேட்' என்று பார்த்ததும் கார்ட்டில் போடுபவர்கள் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: தைத்தவர் பெயர் எங்கே?

கிழிந்து போனதை வெட்டலாமா?

'பாட்டி கை பட்டதை வெட்டறதா?' என்று வீட்டில் ஒரு குரல் நிச்சயம் எழும். அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் பாட்டியே எதைச் செய்தார்? கிழிந்த புடவையை வெட்டித்தான் அந்தப் போர்வையைத் தைத்தார். அவர் செய்ததையே இன்னொரு சுற்று செய்வதில் என்ன குற்றம்?

முழுசாக நல்லா இருப்பதை வெட்ட வேண்டாம். நடுவில் நைந்துபோனால் நல்ல பகுதியை எடுத்து குஷன் கவர், லேப்டாப் உறை, பூஜை மணை விரிப்பு தைக்கலாம். பேரன், பேத்தி நாலு பேர் என்றால் ஆளுக்கு ஒரு துண்டு. லாஃப்ட்டில் ஒரே மூட்டையாக இருப்பதைவிட நாலு வீட்டில் நாலு துண்டாகப் புழங்குவது மேல்.

நினைவுக்காக வைப்பதென்றால்

சில போர்வைகளின் வேலையே நினைவுதான். 1987-ல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய எய்ட்ஸ் நினைவுப் போர்வையில் ஒவ்வொரு பகுதியும் 3 அடிக்கு 6 அடி, கிட்டத்தட்ட ஒரு கல்லறையின் அளவு. இறந்தவரின் பெயரை வேண்டியவர்கள் தைத்தார்கள். இன்று சுமார் 50,000 பகுதிகள், 54 டன் எடை. 2020-ல் அது அட்லாண்டாவில் இருந்து மறுபடி சான் பிரான்சிஸ்கோ பகுதிக்கே கொண்டு வரப்பட்டது. அதைப் பாதுகாக்கிறார்கள், ஆனால் பூட்டி வைக்கவில்லை. பகுதி பகுதியாக எடுத்துப் பொது இடங்களில் விரிக்கிறார்கள்.

வீட்டு அளவில் இதையே செய்யலாம். போர்வையின் பின்பக்க மூலையில் ஒரு சின்னத் துணியில் தைத்தவர் பெயர், ஊர், வருடம், யாருடைய புடவை என்பதை அழியாத மையில் எழுதித் தைத்து விடுங்கள். பிளாஸ்டிக் கவரை எடுத்துவிட்டுத் துவைத்த பழைய வேட்டியில் சுற்றுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை பிரித்து நிழலில் காயவைத்து, வேறு மாதிரி மடியுங்கள். பொங்கலுக்கோ பேரக் குழந்தை வரும்போதோ எடுத்து விரியுங்கள்.

கொடுப்பதற்கு முன்...

துவைத்து, சாயம் போகுதா என்று பாருங்கள். வாங்குபவரிடம் அளவு, கனம், துவைக்கும் வசதி கேளுங்கள். 'வேண்டாம்' என்று சொன்னால் கோபப்படாதீர்கள்; அந்த 'வேண்டாம்' ஒரு போர்வையைக் குப்பையிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. கொடுத்த பிறகு 'போர்த்திக்கிறீங்களா, இல்ல சும்மா வெச்சிருக்கீங்களா' என்று விசாரிக்கவும் வேண்டாம். காபி சிந்தட்டும், பூனை தூங்கட்டும், சாயம் வெளுக்கட்டும்.

அடுத்த முறை லாஃப்ட்டில் இருந்து அந்த மூட்டை இறங்கும்போது, அதைத் தைத்தவர் உயிரோடு இருந்தால் முதல் போன் அவருக்கே போகட்டும். 'இதை யாருக்குக் கொடுக்கலாம் பாட்டி?' என்று கேளுங்கள். 'குளிருதுன்னு யாரு சொல்றாங்களோ, அவங்களுக்குக் கொடு' என்பதுதான் பெரும்பாலும் பதிலாக இருக்கும்.