நீட் ரிப்பீட்டரா? புத்தகத்துக்கு முன்னாடி அந்த ஓ.எம்.ஆரை எடுங்க!

நீட் ரிசல்ட் வந்த ஒரு வாரத்துக்குள் கிணத்துக்கடவு பக்கம் சில வீடுகளிலாவது அந்தக் கேள்வி வந்து உட்கார்ந்துவிடும். சீட் கிடைக்கிற மார்க் இல்லை. அதே நேரம், இதோடு விட்டுவிடலாம் என்று சொல்கிற அளவுக்குக் குறைவும் இல்லை. இன்னொரு வருஷம் எழுதலாமா?

எழுதலாம் என்றுதான் விதி சொல்கிறது. தேர்வு நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருந்தால் போதும். உச்ச வயது வரம்பு இல்லை, இத்தனை முறைதான் என்ற கணக்கும் இல்லை. வரம்பு போடுவது வீடுதான். அதிலும் பையனுக்குச் சுலபமாகக் கிடைத்துவிடும் அந்த இரண்டாவது வருஷத்தை, பெண்பிள்ளை பல வீடுகளில் பேரம் பேசித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. "சும்மா வீட்டுல உக்காந்திருக்கறதுக்கு ஒரு டிகிரியாச்சும் முடிக்கலாமல்லோ" என்று சொல்ல ஒரு பெரியம்மாவோ அத்தையோ எல்லாக் குடும்பத்திலும் உண்டு.

அப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். "இன்னொரு தடவ எழுதறேனுங்கப்பா" என்கிறாள் மகள். தோப்புக்குத் தண்ணி விட்டுட்டு வந்த அப்பா, "எழுது கண்ணு. ஆனா போன வருசம் படிச்ச மாதிரியே படிச்சா, போன வருசம் வந்த மார்க்குதானே வரும்?" என்கிறார். மகளுக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். ஆனால் ரிப்பீட்டர் வருஷத்தின் மொத்தத் திட்டமும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

பெரும்பாலானவர்கள் செய்வது என்ன? புது நோட்டு, புது டைம் டேபிள், இயற்பியலில் முதல் பாடத்தின் முதல் பக்கம். தெரிந்ததையே மறுபடி படிக்கும் சுகத்தில் இரண்டு மாதம் போய்விடும். எங்கே மார்க் போனது என்பது மட்டும் கடைசி வரை தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. தேர்வு முடிந்ததும் வினாத்தாளை வீட்டுக்குக் கொண்டுவரலாம். ஓ.எம்.ஆர் தாளின் ஸ்கேன் படத்தையும், விடைக்குறிப்பையும் என்.டி.ஏ பின்னால் வெளியிடுகிறது. இணையதளத்தில் அவை சில நாள்தான் இருக்கும் என்பதால் அப்போதே டவுன்லோடு செய்து வைப்பது நல்லது. இந்த மூன்றையும் மேஜையில் பரப்பிவைத்து உட்காரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோச்சிங் கிளாஸின் முதல் மாதத்தைவிட அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

ஒரு கணக்குப் போடலாம். 2025-ல் இருந்தது போல 180 கேள்வி, 720 மார்க். சரியான விடைக்கு 4, தப்புக்கு 1 கழியும். ஒரு மாணவி 160 கேள்விக்கு விடை எழுதி, 118 சரி, 42 தப்பு என்றால் 472-ல் 42 போக 430. இந்த 430-ஐப் பார்த்து அழுவதில் பயனில்லை. பார்க்க வேண்டியது அந்த 42-ஐ.

ஒவ்வொரு தப்புக்குப் பக்கத்திலும் காரணத்தை எழுதச் சொல்ல வேண்டும். பாடமே தெரியாததா, குருட்டாம்போக்கில் அடித்ததா, தெரிந்தும் தவறியதா? 'தவறானது எது' என்ற கேள்வியை 'சரியானது எது' என்று படிப்பது, அலகை மாற்ற மறப்பது, 87-க்கான வட்டத்தை 88-ல் கறுப்பாக்குவது எல்லாம் மூன்றாவது வகை. தெரிந்த கேள்வி தப்பாகும்போது வரவேண்டிய 4-ம் வராது, இருந்த 1-ம் போகும். ஒரு கேள்விக்கு 5 மார்க். அந்த 42-ல் இப்படிப்பட்டவை 20 இருந்தால் 100 மார்க். ஒரு புதுப் பாடம்கூடப் படிக்காமல் 430 என்பது 530 ஆகியிருக்கும்.

குருட்டாம்போக்கைப் பற்றி ஒரு பயம் உண்டு. உண்மையில் நான்கு கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் சராசரியாக ஒன்று சரியாகும். 4 வரும், 3 போகும். லாபமும் பெரிதில்லை, நஷ்டமும் இல்லை. இரண்டு விடைகளை 'இது நிச்சயம் இல்லை' என்று நீக்க முடிந்தால் மட்டும் துணிந்து எழுதலாம்; அங்கே கணக்கு நம் பக்கம்.

காரணங்களைப் பிரித்த பிறகுதான் டைம் டேபிள். பாடமே தெரியாத பட்டியல் பெரும்பாலும் இயற்பியலில்தான் நீளமாக இருக்கும். காலை நேரம் அதற்கு. உயிரியல் 90 கேள்வி, 360 மார்க், அதாவது மொத்தத்தில் பாதி. மார்க் சமமானால் ரேங்க் பிரிப்பதற்கும் முதலில் உயிரியலைத்தான் பார்க்கிறார்கள். அதனால் அதை 'தெரிஞ்சதுதானே' என்று ஆறு மாதம் ஓரமாக வைத்துவிடக் கூடாது. தினமும் ஒரு மணி நேரமாவது தொட வேண்டும்.

பழைய வினாத்தாள்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. 2021 முதல் 2024 வரை 200 கேள்வி கொடுத்து 180-க்கு விடை எழுதச் சொன்னார்கள். 2022 முதல் 2024 வரை நேரம் 200 நிமிடம். 2025-ல் 180 கேள்வி, 180 நிமிடம், சாய்ஸ் கிடையாது. பழைய தாளை 200 நிமிடம் வைத்துப் பழகினால் தேர்வு நாளில் கை நடுங்கும். பாடத்திட்டமும் 2024 தேர்விலிருந்து மாறியது. திடநிலை, புறப்பரப்பு வேதியியல், செரிமானம் போன்ற பாடங்கள் போய்விட்டன. அண்ணன் விட்டுப்போன புத்தகக் கட்டை அப்படியே பிரித்துப் படிக்கும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

மார்க்கை இலக்காக வைப்பதும் ஏமாற்றும். 2024-ல் திருத்தப்பட்ட முடிவில்கூட 17 பேர் 720-க்கு 720. அடுத்த ஆண்டு முதலிடமே 686தான். வினாத்தாள் கடினமானால் எல்லோருக்கும்தான் இறங்கும். அதனால் 'எனக்கு 600 வேணும்' என்பதைவிட, தமிழ்நாடு மருத்துவத் தேர்வுக்குழுவின் பட்டியலில் தன் பிரிவில் கடைசி சீட் எந்த ரேங்க்கில் முடிந்தது என்று பார்ப்பது உருப்படியான வேலை.

6-ம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-ல் வந்த 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு இருக்கிறது. இரண்டாம் முறை எழுதுவதால் அது போய்விடாது. அந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கட்டணத்தை, தனியார் கல்லூரியாக இருந்தாலும், அரசே கட்டுகிறது. அதே 2020-ல் தேனி மாவட்டம் சில்வார்பட்டி அரசுப் பள்ளியில் படித்த மாணவர் 664 எடுத்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்ததும் முதல் முயற்சியில் அல்ல.

கோச்சிங் எங்கே? நாமக்கல் பக்கம் விடுதியோடு சேர்த்துவிடுவது ஒரு வழக்கம். கோவைக்குத் தினமும் போய்வருவது இன்னொன்று. உக்கடத்தில் இறங்கி இன்னொரு பஸ் ஏறினால், போக வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ரோட்டிலேயே கழியும். வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 12 மணி நேரம். பொள்ளாச்சி ரோட்டில் ஒத்தக்கால்மண்டபம் மருத்துவக் கல்லூரியை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு போவது உற்சாகமாக இருக்கலாம், ஆனால் 12 மணி நேரம் நிறைய. தப்புகளில் பெரும்பாதி மூன்றாவது வகை என்றால் தினசரி கிளாஸே தேவையில்லை. வாராந்திர மாதிரித் தேர்வு மட்டும் போதும்.

அந்த மாதிரித் தேர்வை மதியம் 2 மணிக்கு எழுத வேண்டும். நீட் நடப்பது 2-லிருந்து 5 வரை. 2023-ல் மே 7, 2024-ல் மே 5, 2025-ல் மே 4 என உச்சி வெயில் காலத்தில். வருஷம் முழுக்க விடிகாலை 4 மணிக்கு எழுந்து படித்து, மதியம் தூங்கிப் பழகிய மூளை அந்த ஒரு நாளில் மட்டும் 3 மணிக்கு விழித்திருக்காது. தமிழ் வினாத்தாள் கேட்டவர்களுக்கு ஆங்கிலமும் பக்கத்திலேயே இருக்கும். மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கிலமே இறுதி. தமிழ்வழி மாணவர்கள் கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் படித்து வைத்தால் அங்கே திணற வேண்டியதில்லை.

வீட்டார் செய்யக்கூடியது, வாரா வாரம் மார்க் கேட்காமல் இருப்பது. வேண்டுமானால் 'இந்த வாரம் தெரிஞ்சும் தப்பானது எத்தனை?' என்று கேட்கலாம். பிள்ளை சாப்பிடாமல், பேசாமல், தூங்காமல் ஒடுங்கிப்போனால் 104 அல்லது 14416-க்குப் போன் செய்யத் தயங்கவே கூடாது. பேசுவதற்கு ஆள் இருக்கிறார்கள், கட்டணம் இல்லை.

இன்னொரு விண்ணப்பமும் வேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகம், கால்நடை மருத்துவம் இரண்டிலும் தமிழ்நாட்டு இடங்களுக்குப் பிளஸ் டூ மார்க்தான் கணக்கு, நீட் இல்லை. முந்தைய ஆண்டு முடித்தவர்களுக்கான விதியை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்து, நீட் எழுதிய கையோடு இவற்றுக்கும் போட்டு வைக்கலாம். மாட்டுத் தொழுவம் உள்ள வீட்டில் கால்நடை டாக்டர் என்றால் பெரியம்மாவும் எதிர்ப்புச் சொல்ல மாட்டார்.