தாராவிக்கு ஒரு சிற்றெல்லை வானொலி

ஐரோப்பாவின் வடமேற்குக் கோடியிலுள்ள ஐஸ்லாந்துத் தீவில், 1930-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் தேசிய வானொலி தொடங்கப்பெற்றது. அப்பொழுது அந்நாட்டு மக்கள் ஏறத்தாழ ஒரு லட்சத்து எட்டாயிரம் பேரே. இத்தனை சிறிய கூட்டத்துக்குத் தனி வானொலி எதற்கு என்று எவரும் கேட்டிருக்கக்கூடும். ஆனால் தொலைவில் சிதறிக்கிடந்த பண்ணை வீடுகளுக்கும், கடலில் மீன்பிடிக்கும் படகுகளுக்கும் வானிலையை அவர்கள் மொழியிலேயே உடனுக்குடன் அறிவிக்க அதைவிடச் சிறந்த வழி அக்காலத்தில் இல்லை. அயல்நாட்டுத் தலைநகரங்களிலிருந்து வரும் நிகழ்ச்சிகள் எவ்வளவு உயர்ந்தவையாயினும், ரெய்க்யவிக் துறைமுகத்தில் நாளைக் காலையில் காற்று எவ்வாறு வீசும் என்பதை அவை சொல்லமாட்டா.

மும்பை மாநகரின் நடுவில், மாஹிமுக்கும் சயானுக்கும் இடைப்பட்ட தாராவியின் பரப்பு இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. அங்கே வாழ்வோரோ அன்றைய ஐஸ்லாந்து மக்களைப்போல் பன்மடங்கினர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகச் சென்று தலைமுறைகளாக அங்கேயே வேரூன்றிய தமிழர்கள் அவர்களுள் ஒரு பெரும் பகுதியினர். சிறிது தொலைவிலுள்ள மாட்டுங்காவிலும், கிழக்கேயுள்ள செம்பூரிலும் அலுவலகங்களையும் ஆலைகளையும் நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் நிலைபெற்றன. இம்மூன்று பகுதிகளின் மக்களுக்கும் அவர்களுடைய தெருவைப் பற்றி, அவர்களுடைய மொழியில் பேசும் ஒரு சிற்றெல்லை வானொலி தேவை. விஞ்ஞானம் அதற்கு வழி செய்துள்ளது. சட்டமும் இடம் தந்துள்ளது. எஞ்சியிருப்பது முயற்சி ஒன்றே.

மொழி வந்தது, ஊர் வரவில்லை

இந்தியாவில் ஒலிபரப்பைத் தொடங்கியது பெரிய ஸ்தாபனம் எதுவும் அன்று. 1923 ஜூனில் பம்பாய் ரேடியோ கிளப் என்னும் ஆர்வலர் சங்கமே முதன்முதலாக நிகழ்ச்சிகளை ஒலிபரப்பிற்று. 1927 ஜூலை 23-ஆம் நாள் இந்திய ஒலிபரப்புக் கம்பெனியின் பம்பாய் நிலையம் திறக்கப்பட்டது. அதன் மீடியம் அலைப் பரப்பி ஒன்றரைக் கிலோவாட் ஆற்றல் உடையது. கம்பெனி 1930-இல் நொடித்துப்போகவே, அரசாங்கம் நிலையங்களை ஏற்றுக்கொண்டது. 1936-இல் அகில இந்திய வானொலி என்ற பெயர் வழங்கலாயிற்று. 1957-இல் விவித பாரதியும், 1972 அக்டோபர் 2-ஆம் நாள் பம்பாய்த் தொலைக்காட்சி நிலையமும் தொடங்கின.

இவ்வளர்ச்சி அனைத்தும் ஒரே திசையில் சென்றது. சங்கத்தின் சிறு பரப்பி நகர நிலையமாயிற்று. நகர நிலையம் நாடு முழுவதற்குமான அமைப்பின் உறுப்பாயிற்று. 1990-களில் விண்கோள் வழியே தமிழ்த் தொலைக்காட்சி மும்பை வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. ஊரை விட்டு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வாழ்ந்தோர்க்கு அது பெருமகிழ்ச்சி அளித்தது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் ஒரு குறை நீடித்தது. சென்னையிலிருந்து வரும் ஒலிபரப்பு தமிழில் பேசும். தாராவிக் குழாயில் தண்ணீர் எப்பொழுது வரும் என்பதை அறியாது. மும்பையின் நிலையங்கள் மும்பையைப் பற்றிப் பேசும்; ஆனால் தமிழ் மட்டுமே அறிந்த மூதாட்டிக்கு அவற்றின் பேச்சு விளங்காது. ஒன்றில் மொழி உண்டு, ஊர் இல்லை. மற்றொன்றில் ஊர் உண்டு, மொழி இல்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெற்றிடத்தில்தான் தாராவியின் தமிழ்க் குடும்பம் வாழ்கிறது.

இவ்வெற்றிடத்தின் விளைவைப் பள்ளி ஆசிரியர்கள் நன்கறிவர். மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்துகிறது. 2020-இல் கொள்ளைநோயினால் பள்ளிகள் மூடப்பட்டபொழுது, தமிழ்நாட்டு அரசின் கல்வித் தொலைக்காட்சி தமிழில் பாடம் நடத்திற்று. ஆனால் அது தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை ஒட்டியது. தாராவிக் குழந்தை பயில்வதோ மகாராஷ்டிரப் பாடத்திட்டம். மொழி ஒன்றாயினும் பாடம் வேறாயிற்று.

கைத்தொலைபேசி போதாதா?

"ஒவ்வொருவர் கையிலும் தொலைபேசி இருக்கும்பொழுது வானொலி எதற்கு?" என்பது முதலில் எழும் வினா. இதற்கு விடை காண, இவ்விரு சாதனங்களுக்கும் இடையேயுள்ள அடிப்படை வேறுபாட்டை உணர்தல் வேண்டும்.

தொலைபேசியில் ஒவ்வோர் உரையாடலும் தனக்கென ஒரு வழியைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு கோபுரம் ஒரே சமயத்தில் ஏற்கக்கூடிய அழைப்புகளுக்கு வரம்பு உண்டு. ஆபத்து நேர்ந்தவுடன் அனைவரும் ஒருங்கே பேச முற்படுவர், வழி அடைபடும். வானொலியின் நிலை வேறு. பரப்பியிலிருந்து எழும் அலையை ஒருவர் கேட்பினும், ஒரு லட்சம் பேர் கேட்பினும் பரப்பியின் சுமை அணுவளவும் கூடுவதில்லை. தேவை மிகும்பொழுது தொலைபேசி திணறுகிறது, வானொலி திணறுவதில்லை.

2005 ஜூலை 26-ஆம் நாள் இது வெளிப்படையாயிற்று. அன்று 24 மணி நேரத்தில் சாந்தாக்ரூஸ் வானிலை நிலையத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மிட்டி ஆறு கரைபுரண்டது. புறநகர்களில் மின்சாரம் நின்றது. தொலைபேசித் தொடர்பு பல இடங்களில் அறுந்தது. குழந்தை எங்கே, எந்தச் சாலை திறந்துள்ளது, எங்கே தங்கலாம் என்பன ஒவ்வொரு வீட்டிலும் எழுந்த வினாக்கள். இத்தகைய இரவில் இரண்டு பாட்டரியில் இயங்கும் ஒரு டிரான்ஸிஸ்டர் பெட்டி, மின்னூட்டம் தீர்ந்த விலையுயர்ந்த கருவிகளைக் காட்டிலும் பயன் தரும்.

கைத்தொலைபேசிக் கோபுரங்கள் வழியாக அப்பகுதியிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் ஒரே எச்சரிக்கையை அனுப்பும் முறையை அரசாங்கம் 2023-இல் பல மாநிலங்களில் சோதித்தது. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அது சில வரிகளே கொண்ட அறிவிப்பு. "அபாயம்" என்று அது கூவலாம். என்ன செய்யவேண்டும் என்பதைப் பொறுமையாக, திரும்பத் திரும்ப, எழுத்தறியாதவருக்கும் விளங்கும்படி சொல்வதற்கு மனிதக் குரல் வேண்டும்.

செம்பூரையும் டிராம்பேயையும் நினைத்தால் இதன் அவசியம் மேலும் விளங்கும். அங்கே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் உரத் தொழிற்சாலையும் குடியிருப்புகளுக்கு அருகிலேயே அமைந்துள்ளன. 1984 டிசம்பரில் போபாலில் நச்சுவாயு பரவியபொழுது, ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொள்ளுங்கள் என்ற எளிய அறிவுரைகூட உரிய நேரத்தில் மக்களுக்குக் கிட்டவில்லை. காற்று வீசும் திசையிலேயே ஓடியவர் பலர். சரியான சொல் சரியான நிமிஷத்தில் செவியில் விழுவது மருந்துக்கு நிகர்.

2020 ஏப்ரல் முதல் நாள் தாராவியில் முதல் கோவிட் நோயாளி கண்டறியப்பட்டார். வீடு வீடாகச் சென்ற சுகாதாரப் பணியாளரின் உழைப்பினால் நோய் கட்டுக்குள் வந்ததை அவ்வாண்டு ஜூலையில் உலகச் சுகாதார ஸ்தாபனமும் பாராட்டிற்று. அப்பணியாளர் ஒவ்வொரு சந்திலும் வதந்தியோடும் போராட நேர்ந்தது. நூறு வாசல்களில் நூறு முறை சொன்னதை ஒரு முறை ஒலிபரப்பியிருந்தால், அவர்களுடைய கால்களுக்கும் குரலுக்கும் சிறிது ஓய்வு கிடைத்திருக்கும்.

விஞ்ஞானம் தரும் வழி

கல்வி நிலையங்கள் சமூக வானொலி நடத்த 2002-இல் மத்திய அரசாங்கம் இசைந்தது. 2004 பிப்ரவரி முதல் நாள் சென்னை அண்ணா பல்கலைக்கழகம் இவ்வகையில் நாட்டின் முதல் நிலையத்தைத் தொடங்கிற்று. 2006-இல் இவ்வுரிமை லாபநோக்கற்ற அமைப்புகளுக்கும் வேளாண் விஞ்ஞான நிலையங்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. நாடெங்கும் ஐந்நூறுக்கு மேற்பட்ட சமூக வானொலிகள் தோன்றியுள்ளன.

இத்தகைய நிலையத்தின் கதிர்வீச்சு ஆற்றல் சாதாரணமாக 100 வாட் அளவினது. 1927-இன் பம்பாய்ப் பரப்பியின் ஆற்றலில் ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்கு. ஐந்து முதல் பத்துக் கிலோமீட்டர் வரை அது எட்டும். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் மூன்றும் இவ்வட்டத்தினுள் அடங்கும்.

பண்பலை வானொலி 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களில் இயங்குவது. இவ்வலைகளின் நீளம் ஏறத்தாழ மூன்று மீட்டர். நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுள்ள மீடியம் அலைகள் தடைகளை எளிதில் வளைந்து கடக்கும். இக்குறுகிய அலைகளோ பெரும்பாலும் நேர்க்கோட்டிலேயே செல்வன. உயர்ந்த கான்கிரீட் கட்டிடங்களுக்குப் பின்னால் இவற்றுக்கும் நிழல் உண்டு. தாராவி மறுசீரமைப்புக்கெனக் கட்டப்படும் அடுக்கு மாடிகள் உயர உயர இந்நிழலும் நீளும். ஆகவே அலைவாங்கியை எங்கே நிறுத்துவது என்பதை இன்றே அளந்து திட்டமிடல் நன்று.

கேட்கும் கருவியும் அரிதன்று. பல கைத்தொலைபேசிகளில் பண்பலை ஏற்பி உள்ளது. செவியில் செருகும் கருவியின் கம்பியே அதற்கு அலைவாங்கியாகிறது. அலைநீளத்தில் கால் பங்கு சுமார் முக்கால் மீட்டராகவும், அக்கம்பி சற்றேறக்குறைய அந்நீளத்தினதாகவும் இருப்பதே இதன் ரகசியம். அண்மைக் காலக் கருவிகள் பலவற்றில் இவ்வசதி விடுபடுவது கண்டு, அதை நீக்கலாகாது என்று 2023-இல் அரசாங்கம் உற்பத்தியாளருக்கு அறிவுரை வழங்கியது.

தமிழுக்கு மட்டுமா?

தாராவி தமிழருக்கு மட்டும் உரிய ஊர் அன்று. மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, தெலுங்கு பேசுவோரும் அதே சந்துகளில் வாழ்கின்றனர். ஒரு பெருநகரத்தில் வழங்கக்கூடிய அலைவரிசைகளும் மிகச் சில. மொழிக்கொரு நிலையம் கேட்பது நடைமுறைக்கும் ஒவ்வாது, அயலார் உறவுக்கும் நன்றன்று. ஒரே நிலையத்தில் நேரத்தைப் பங்கிட்டுக்கொள்வதே தக்கது. சுவிட்ஸர்லாந்தில் ரோமான்ஷ் மொழி பேசுவோர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. எனினும் 1938-இல் அம்மொழி தேசிய மொழிகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளோடு அம்மொழியிலும் பொது ஒலிபரப்பு நடைபெறுகிறது. சிறுபான்மை மொழிக்கு இடமளித்ததனால் அந்நாடு சிதறவில்லை.

செலவு பற்றிய ஐயமும் நியாயமானதே. இந்திய ஒலிபரப்புக் கம்பெனி வீழ்ந்ததற்குக் காரணம் அலைகளின் குறையன்று. வானொலிப் பெட்டி வைத்திருந்தோர் சிலராக இருந்தமையால் உரிமக் கட்டணம் போதவில்லை. லீக்டென்ஸ்டைன் என்னும் மிகச் சிறிய ஐரோப்பிய நாட்டில், வானொலிக்குப் பொதுப்பணம் வழங்கும் சட்டத்தை நீக்க 2024 அக்டோபரில் மக்களே வாக்களித்தனர். 2025 ஏப்ரலில் அந்நிலையம் ஓய்ந்தது. கேட்போர் தமதெனக் கருதாத நிலையம் நெடுநாள் நில்லாது என்பதே இவ்விரண்டிலும் உள்ள பாடம்.

ஆகவே பணி பரப்பியிலிருந்து தொடங்கலாகாது, மக்களிடமிருந்து தொடங்கவேண்டும். 1923 முதல் மாட்டுங்காவில் இயங்கும் வீரமாதா ஜீஜாபாய் தொழில்நுட்பக் கழகமும், செம்பூரை அடுத்த தேவனாரிலுள்ள டாட்டா சமூக அறிவியல் கழகமும் போன்ற கல்வி நிலையங்கள் அருகிலேயே உள்ளன. கருவி நுட்பம் அவற்றிடம் கிட்டும். என்ன பேசுவது என்பதை அறிந்தவர்கள் ஆசிரியர்களும் களப்பணியாளர்களுமே.

ஆசிரியர் ஒரு சிறு டிரான்ஸிஸ்டரை மாணவரிடம் தந்து, மொட்டை மாடியிலும், குறுகிய சந்திலும், தகரக் கூரையின் அடியிலும் ஒலி எவ்வாறு மாறுகிறது என்று குறிக்கச் செய்யலாம். அது பௌதிகப் பாடமுமாகும். வருங்கால நிலையத்துக்கு வேண்டிய வரைபடமுமாகும். சுகாதாரப் பணியாளர் ஒரு மாதம் வீடுதோறும் தம்மிடம் கேட்கப்பட்ட வினாக்களை எழுதி வைக்கலாம். தடுப்பூசி எந்நாளில், குழாயில் தண்ணீர் எந்நேரத்தில், 2024-இல் தொடங்கிய வீட்டுக் கணக்கெடுப்புக்கு எந்தச் சான்று வேண்டும் என்ற வினாக்களே நிகழ்ச்சி நிரலாக அமையும். சமூக வானொலி தானே செய்தி திரட்டி வெளியிடச் சட்டம் இடம் தரவில்லை. ஆனால் குடிநீர், மின்சாரம், இயற்கைச் சேதம், உடல்நல எச்சரிக்கை ஆகியவை பற்றி உள்ளூர் நிர்வாகம் தரும் அறிவிப்புகளுக்குத் தடை இல்லை. ஏழை வீட்டுக்கு முதற்கண் வேண்டியவையும் இவையே.

மறுசீரமைப்பினால் தாராவியின் குடும்பங்கள் பல இடம் மாற நேரலாம். பழைய சந்துகளோடு அண்டை அயலாரும் பிரிவர். அக்காலத்தில் அவர்களை ஒன்றுசேர்க்க ஒரு குரல் எஞ்சியிருக்க வேண்டுமானால், அதற்கான வேலை அவர்கள் ஒன்றாக இருக்கும்பொழுதே தொடங்கப்பட வேண்டும். ஒரு லட்சம் பேர் கொண்ட தீவு நாடு 1930-இல் செய்ததைப் பல லட்சம் பேர் வாழும் ஒரு பேட்டை இன்று செய்ய இயலாது என்று சொல்வதற்குத் தகுந்த காரணம் எதுவும் இல்லை.