துரு போனால் ஓடும்!

பழைய பொருள் என்றாலே "காயலான் கடைக்குப் போடு" என்கிறோமே, அது சரிதானா?

போன தீபாவளிக்கு முன்பு பழைய இரும்புக் கடையில் ஒரு சிங்கர் தையல் மிஷினைப் பார்த்தேன். சக்கரம் அசையவில்லை. ஸ்டாண்டோடு 1,500 ரூபாய். செல்போன் மாற்ற, கேட்டரிங் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணம் அது! "படிக்கிற புள்ள வாங்குற சாமானா இது?" என்று அப்பா திட்டினார். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்.

மூன்று நாள் மண்ணெண்ணெய் விட்டு, பிசுக்கைச் சுரண்டி, பாபினில் சிக்கிய நூலை எடுத்தேன். நாலாம் நாள் சக்கரம் சுற்றியது! ரெக்கார்டு நோட்டில் மூன்று முறை வரைந்தும் புரியாத கிராங்க், பெடலை மிதித்தபோது காலுக்கே புரிந்தது.

பொறித்திருந்த எண்ணை வைத்துப் பார்த்தால், ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்க் ஆலையில் 1930-களில் செய்தது. அந்த ஆலையை 1980-இல் மூடிவிட்டார்கள். மிஷின் இன்னும் ஓடுகிறது! காரணம், கழற்றவும் மாட்டவும் முடிகிற மாதிரி திருகாணி போட்டுச் செய்திருக்கிறார்கள்.

அடுத்தவர் கடையில் கூலிக்குத் தைத்த அம்மா, இப்போது வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறார். மிஷினுக்கு எண்ணெய் வாங்கி வருவது அப்பாதான்!

புதிதாகச் செய்பவனைப் போலவே பழுது பார்ப்பவனையும் மதிக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. நம் ஒர்க்‌ஷாப்பில் மாதம் ஒரு பழைய மிஷினைக் கழற்றி மாட்ட வாய்ப்புத் தரும்படி நம் யூனியன் கேட்கலாமே? தூக்கிப் போடுமுன் ஒரு தடவை திறந்து பார்ப்போம்!

- மூன்றாமாண்டு, இயந்திரவியல்