முடிவு தெரிந்தால் என்ன கெட்டுப்போகிறது?

"யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே எழுதி வெச்சுட்டுத்தானே சண்டை போடறாங்க, அதுல பாக்க என்ன இருக்கு?" ரெஸ்லிங் பார்க்கிற எல்லோரும் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு தடவையாவது வாங்கிக் கட்டிக்கொண்ட கேள்வி இது. ரசிகருக்குக் கோபம் வரும். உடைந்த பல்லையும் கிழிந்த தசைநாரையும் சாட்சிக்கு இழுத்து வாதாடுவார். அதே ரசிகர் திங்கட்கிழமை காலையில் பெரிய நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்து முடித்ததும் உதட்டைப் பிதுக்குவார்: "இவன்தான் ஜெயிப்பான்னு மூணு மாசமா தெரியுமே. மட்டமான புக்கிங்."

யாரை யாரோடு மோதவிடுவது, யாரை ஜெயிக்கவைப்பது, பெல்ட்டை எப்போது யார் இடுப்பில் கட்டுவது என்று திரைக்குப் பின்னால் முடிவெடுக்கும் வேலைக்குத்தான் புக்கிங் என்று பெயர். நம்மை வாரம் தவறாமல் திகைக்கவைப்பவர்தான் அதில் கெட்டிக்காரர் என்ற எண்ணம் ரசிகர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. கேலி செய்யும் பெரியவரும் உதட்டைப் பிதுக்கும் ரசிகரும் உண்மையில் ஒரே கட்சி. இருவருக்குமே முடிவுதான் சரக்கு. அது முன்கூட்டியே தெரிந்துவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை. இந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு ஒரு பெரிய கம்பெனி என்ன பாடுபட்டது என்று பார்க்கலாம்.

1999 ஜனவரி 4, திங்கட்கிழமை இரவு. அமெரிக்காவில் இரண்டு ரெஸ்லிங் கம்பெனிகள் ஒரே நேரத்தில் வெவ்வேறு சேனல்களில் மோதிக்கொண்டிருந்த காலம். வின்ஸ் மக்மேனின் டபிள்யூ.டபிள்யூ.எஃப். அன்று காட்டியது, ஆறு நாள் முன்பு மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரில் பதிவு செய்த நிகழ்ச்சி. டெட் டர்னர் தொடங்கிய டபிள்யூ.சி.டபிள்யூ.வுக்கோ அட்லாண்டாவின் ஜார்ஜியா டோம் அரங்கிலிருந்து நேரடி ஒளிபரப்பு. பதிவு செய்த நிகழ்ச்சியின் முடிவுகள் வெளியே கசிந்துவிடும் என்பதால், டபிள்யூ.சி.டபிள்யூ.வை நிர்வகித்த எரிக் பிஷாஃப் அதையே ஆயுதமாக்கியிருந்தார். அவர் சொன்னபடி வர்ணனையாளர் டோனி ஷியாவோனி, எதிர்ச் சேனலின் முடிவை நேரலையிலேயே போட்டு உடைத்தார். அங்கே இன்றைக்கு மிக் ஃபோலி சாம்பியன் ஆகப்போகிறார், அதைப் பார்க்கக் கூட்டம் அலைமோதப்போகிறது என்று நக்கல் வேறு.

முடிவுதான் சரக்கு என்றால், அந்த நிமிடமே டபிள்யூ.டபிள்யூ.எஃப். கடையைச் சாத்தியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. லட்சக்கணக்கான வீடுகளில் ரிமோட் அந்தப் பக்கம் திரும்பியது. ஃபோலி ஜெயிப்பாரா மாட்டாரா என்ற சந்தேகம் துளியும் இல்லாத மக்கள், அவர் ஜெயிப்பதைப் பார்க்கப் போனார்கள்.

ஏன் போனார்கள் என்பதற்கு ஃபோலியைத் தெரிந்திருக்க வேண்டும். தொப்பை, கலைந்த தலை, ஒரு காதில் பாதி இல்லை. முகத்தில் தோல் முகமூடி. முந்தைய ஆண்டு ஜூனில் பதினாறடி உயரக் கூண்டின் உச்சியிலிருந்து அண்டர்டேக்கர் அவரைத் தூக்கிக் கீழே மேசைமேல் எறிந்ததை உலகமே பார்த்திருந்தது. சாம்பியன் என்ற சொல்லுக்குக் கம்பெனி எந்த உடம்பை மனதில் வைத்திருந்ததோ, அது இவருக்கு இல்லை. அன்று எதிரில் நின்றவர் தி ராக். வளையத்தைச் சுற்றி இரு தரப்பு ஆட்களும் அடித்துக்கொண்டிருக்க, திடீரென்று கண்ணாடி உடையும் சத்தம் கேட்கிறது. ஸ்டீவ் ஆஸ்டின் வருகிறார் என்று அர்த்தம். அவர் நாற்காலியால் ராக்கை ஒரு போடு போட்டுவிட்டு, மயங்கிக் கிடந்த ஃபோலியை இழுத்து ராக்கின் மேல் போடுகிறார். ஒன்று, இரண்டு, மூன்று. அந்தக் கூச்சலை இன்றைக்குக் கேட்டாலும் புல்லரிக்கும். முதலில் கேட்டவர்களில் பலருக்கு முடிவு ஏற்கெனவே தெரிந்திருந்தது என்பதை நினைத்துக்கொண்டு கேட்டுப்பாருங்கள்.

அதே இரவில் ஜார்ஜியா டோமில் யாருமே யூகிக்காத ஒன்று நடந்தது. உள்ளூர் நாயகனான கோல்ட்பர்க், தன் பட்டத்தைப் பறித்த கெவின் நாஷோடு மோதுவார் என்று சொல்லித்தான் அரங்கை நிறைத்திருந்தார்கள். நடுவில் கோல்ட்பர்க்கைப் போலீஸ் கூட்டிப்போவதுபோல் ஒரு காட்சி. அவர் இடத்துக்கு வந்தவர் ஹல்க் ஹோகன். மணி அடித்தது. ஹோகன் ஒற்றை விரலால் நாஷின் மார்பைத் தொட்டார். குண்டடிபட்டவர்போல் நாஷ் மல்லாந்தார். ஹோகன் சாம்பியன். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எல்லாம் கூட்டுச் சதியாம். திருப்பம் என்றால் இதைவிடப் பெரிய திருப்பம் கிடையாது. ஆனால் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்த கூட்டத்துக்கு அது முகத்தில் துப்பியதுபோல் இருந்தது. இரண்டே ஆண்டுகளில், 2001 மார்ச்சில், டபிள்யூ.சி.டபிள்யூ.வை மக்மேன் விலைக்கு வாங்கினார். அந்த வீழ்ச்சிக்கு நிர்வாகக் குளறுபடி, தாய் நிறுவனத்தின் கைகழுவல் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் ரசிகன் எந்த இடத்தில் மனம் விட்டான் என்று கேட்டால் அந்த ஒற்றை விரலைத்தான் பலரும் காட்டுவார்கள்.

அந்த இரவுக்குப் பிறகும் டபிள்யூ.சி.டபிள்யூ.வுக்குப் பாடம் ஏறவில்லை. 2000ஆம் ஆண்டில் பல மாதங்கள் அந்தக் கம்பெனியின் பேனா வின்ஸ் ரூசோ கையில் இருந்தது. அதிர்ச்சி, மறு அதிர்ச்சி, அதற்கும் மேல் ஓர் அதிர்ச்சி என்பதுதான் அவருடைய முறை. அந்த ஒரே ஆண்டில் உலகப் பட்டம் பதினைந்து முறைக்கு மேல் கைமாறியது. ஏப்ரலில் டேவிட் ஆர்கெட் என்ற சினிமா நடிகர், படம் ஒன்றின் விளம்பரத்துக்காக வந்தவர், உலக சாம்பியன் ஆனார். செப்டம்பரில் ரூசோவே சாம்பியன் ஆனார். இதில் எதையும் எவரும் யூகித்திருக்க முடியாது. எதையும் எவரும் எதிர்பார்க்கவும் இல்லை என்பதுதான் கோளாறு. அடுத்த வாரம் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம் என்றால், இந்த வாரம் நடப்பதைப் பற்றி எதற்குக் கவலைப்பட வேண்டும்?

முடிவை விட்டுவிட்டுப் பார்க்கும்போது என்னதான் இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு நான் போட்டுக்காட்டுவது 1997 மார்ச் 23 அன்று சிகாகோ அருகே, டபிள்யூ.டபிள்யூ.எஃப்.பின் ஆண்டுப் பெருவிழாவான ரெஸில்மேனியா 13இல் நடந்த பிரெட் ஹார்ட் - ஸ்டீவ் ஆஸ்டின் மேட்சை. எதிராளி வலி தாங்காமல் தோல்வியை ஒப்புக்கொண்டால்தான் வெற்றி. பிரெட் ஹீரோ, ஆஸ்டின் வில்லன். கடைசியில் பிரெட் தன் வழக்கமான பிடியான ஷார்ப்ஷூட்டரைப் போடுகிறார். கால்களை முறுக்கி, ஆளைக் குப்புறக் கவிழ்த்து, முதுகை வளைக்கும் பிடி. ஆஸ்டினின் நெற்றி பிளந்திருக்கிறது. கேமரா நேர் எதிரில் இருக்கிறது. நெற்றியிலிருந்து வழியும் ரத்தம் மூக்கின் இரு பக்கமும் இறங்கிப் பல்லிடுக்கில் புகுகிறது. அவர் கத்துகிறார், இரு கைகளையும் ஊன்றி எழப் பார்க்கிறார், ஒரு நொடி பிடி தளர்கிறது, மறுபடி இறுகுகிறது. ஒப்புக்கொள்ளவே இல்லை. அப்படியே மயங்கிவிடுகிறார். நடுவர் கென் ஷாம்ராக் ஆட்டத்தை நிறுத்தி பிரெட்டுக்கு வெற்றி தருகிறார்.

பிரெட் ஜெயிப்பார் என்று நினைத்தவர்கள் நினைத்தபடியே நடந்தது. ஆனால் மயங்கிக் கிடந்தவரின் காலை பிரெட் மறுபடி அடிக்கத் தொடங்கியதும் அரங்கம் பிரெட்டைப் பார்த்துக் கூவியது. உதவிக்கு வந்தவர்களை உதறிவிட்டு ஆஸ்டின் நொண்டிக்கொண்டே நடந்தபோது எழுந்து நின்று கைதட்டியது. உள்ளே போனபோது இருந்த ஹீரோவும் வில்லனும் வெளியே வரும்போது இடம் மாறியிருந்தார்கள். ரெஸ்லிங்கில் இதற்குமேல் ஒரு மேட்ச் நடக்கவில்லை என்பது என் கட்சி. மேட்சுக்கு மேட்ச் நட்சத்திரம் போட்டுத் தரம் பிரிப்பவர்கள் வேறு பட்டியல் வைத்திருந்தால் வைத்துக்கொள்ளட்டும்.

இன்னும் பட்டவர்த்தனமான உதாரணம் வேண்டுமா? 2008இல் ரிக் ஃபிளேர். அடுத்து எந்த மேட்சில் தோற்கிறாரோ அதோடு ஓய்வு என்று சில மாதங்கள் முன்பே அறிவித்துவிட்டார்கள். ரெஸில்மேனியாவுக்கு முதல் நாள் இரவு அவரை ஹால் ஆஃப் ஃபேமிலும் சேர்த்துவிட்டார்கள். மறுநாள் ஷான் மைக்கேல்ஸோடு மோதும்போது அவர் தோற்பார் என்பது ஓர்லாண்டோ மைதானத்தில் குழந்தைக்கும் தெரியும். கடைசி உதைக்கு முன் மைக்கேல்ஸ் தயங்கி நிற்கிறார். கண்ணீரோடு முஷ்டியை உயர்த்தி, வா என்று அழைக்கிறார் ஃபிளேர். மன்னிப்பும் அன்பும் கலந்த இரண்டு சொல்லை மைக்கேல்ஸ் வாயசைக்கிறார், உதைக்கிறார். முடிவு தெரியாமல் இருந்திருந்தால் அந்தத் தயக்கத்துக்கே பொருள் கிடையாது. (பிற்பாடு ஃபிளேர் வேறு கம்பெனியில் போய் மறுபடி ஆடியதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.) 1964இல் வந்த 'கர்ணன்' 2012இல் மறுபடி திரைக்கு வந்தபோது, இந்தத் தடவையாவது கர்ணன் பிழைப்பான் என்று நம்பியா ஜனங்கள் டிக்கெட் எடுத்தார்கள்?

இங்கே ஒருவர் கையைத் தூக்குவார்: "அப்போ அண்டர்டேக்கர் தோத்தது? ஹோகன் வில்லன் ஆனது?" நியாயமான கேள்வி. நம்மூரில் டிரம்ப் கார்டு வைத்து விளையாடிய தலைமுறைக்கு அண்டர்டேக்கர் ஏழு முறை செத்துப் பிழைத்தவர். அவருக்குத் தோல்வி என்பதே புத்தியில் ஏறாது. 1991 தொடங்கி ரெஸில்மேனியாவில் 21 மேட்ச், 21 வெற்றி. 2014 ஏப்ரல் 6 அன்று நியூ ஆர்லியன்ஸில் பிராக் லெஸ்னர் அவரைத் தோற்கடித்தபோது அரங்கமே பேச்சிழந்து உறைந்தது. 1971 ஜனவரியில் நியூயார்க்கில் புரூனோ சம்மார்டினோ ஏழரை ஆண்டுக்கு மேல் வைத்திருந்த பட்டத்தை இவான் கோலாஃபிடம் இழந்தபோதும் இதே மௌனம்தான். தன் காதுதான் அடைத்துவிட்டதோ என்று புரூனோவே நினைத்தாராம். இந்த இரண்டு அதிர்ச்சிக்கும் முதலீடு எது? ஆண்டுக்கணக்கில் எல்லோரும் சரியாக யூகித்துக்கொண்டே இருந்ததுதான். 1996இல் ஹோகன் கட்சி மாறியதும் அப்படியே. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் நல்லவராகவே இருந்தவர் என்பதால்தான் அது வெடித்தது. சேர்த்துவைத்த நிச்சயத்தை ஒரே மூச்சில் செலவழிக்கும் வித்தை அது. ரூசோவிடம் செலவழிக்கச் சேமிப்பே இல்லை.

இதனால் யூகித்ததெல்லாம் நல்லது என்றும் ஆகிவிடாது. முப்பது பேர் ஒவ்வொருவராக நுழைந்து மோதும் ராயல் ரம்பிளில், 2014இல், பட்டிஸ்டா ஜெயிப்பார் என்று பலரும் யூகித்தார்கள், அப்படியே ஜெயித்தார், ஜனங்கள் கரித்துக்கொட்டினார்கள். அவர்கள் கேட்டது டேனியல் பிரையனை. முப்பதாவது ஆளாகவாவது பிரையன் வருவார் என்று காத்திருந்தபோது ரே மிஸ்டீரியோவின் பாட்டு ஒலித்தது. வாழ்நாளெல்லாம் கைதட்டல் வாங்கிய அந்த மனிதரையே பிட்ஸ்பர்க் கூட்டம் கூவி விரட்டியது. பாவம், அவர் என்ன செய்வார். யூகித்ததற்காக யாரும் கோபப்படவில்லை, கேட்காததைத் திணித்ததற்காகக் கோபப்பட்டார்கள். இரண்டு மாதம் கழித்து, அண்டர்டேக்கர் தோற்ற அதே இரவில், பிரையன் முதல் மேட்சில் டிரிபிள் ஹெச்சையும் கடைசி மேட்சில் பட்டிஸ்டாவையும் வீழ்த்தி சாம்பியன் ஆனார். அந்த முடிவும் எல்லோரும் யூகித்ததுதான். யாராவது மட்டமான புக்கிங் என்றார்களா?

பத்தாண்டு கழித்து கோடி ரோட்ஸ் கதையில் இது இன்னும் துலக்கமானது. அவருடைய தந்தை டஸ்டி ரோட்ஸ் மக்மேன் கம்பெனியின் பட்டத்தை வாங்காமலே காலமானவர். மகன் அதை வாங்கித் தீர்ப்பார் என்பது 2022இல் அவர் திரும்பி வந்த அன்றே ஊரறிந்த முடிவு. 2023இல் ரோமன் ரெய்ன்ஸிடம் தோற்றார். அதைத் திருப்பம் என்று மெச்சியவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் அது தவணை மாற்றம், அவ்வளவுதான். 2024 பிப்ரவரியில் அசல் திருப்பம் ஒன்றைக் கம்பெனி எடுத்துவிட்டது: ரெஸில்மேனியாவில் ரெய்ன்ஸை எதிர்க்கும் இடத்தை கோடி விட்டுக்கொடுக்கிறார், வந்து நிற்பவர் தி ராக். யாரும் எதிர்பார்க்கவில்லை. மேலும் ராக் உலகப் புகழ் சினிமா நட்சத்திரம். ரசிகர்கள் என்ன செய்தார்கள்? எங்களுக்குத் தெரிந்த முடிவைத் திருப்பிக் கொடு என்று கூச்சல் போட்டார்கள். சில நாட்களில் திட்டமே மாறியது. ஏப்ரல் 7 அன்று ஃபிலடெல்ஃபியாவில் 1,316 நாள் ஆட்சி முடிந்து கோடி பெல்ட்டைத் தூக்கியபோது வாய்பிளந்தவர் ஒருவரும் இல்லை. அழுதவர்கள் ஏராளம்.

இவ்வளவுக்குப் பிறகும் கம்பெனிக்கு அதிர்ச்சி ஆசை விடவில்லை. 2025 மார்ச் 1, டொராண்டோ. இருபது ஆண்டுக்கு மேல் நல்லவராகவே இருந்த ஜான் சீனா, ராக் காட்டிய சைகைக்குக் கட்டுப்பட்டு, தான் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த கோடியை அடிவயிற்றுக்குக் கீழே அடித்து வில்லன் ஆனார். 1996க்குப் பிறகு அவ்வளவு திகைக்கவைத்த கட்சி மாற்றம் இல்லை. சேமிப்பும் மலைபோல் இருந்தது. ஆனால் அடுத்த நாளுக்கு யாரும் எதையும் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை. சதியின் சூத்திரதாரியான ராக் ரெஸில்மேனியாவுக்கே வரவில்லை. குறுக்கே புகுந்து சீனாவுக்குப் பட்டம் வாங்கிக்கொடுக்க டிராவிஸ் ஸ்காட் என்ற ராப் பாடகர் வந்தார். ஆகஸ்ட் பிறந்ததுமே சீனா எந்த விளக்கமும் சரியாகச் சொல்லாமல் நல்லவராகத் திரும்பிவிட்டார். எதற்காகக் கெட்டவர் ஆனார் என்று இன்றைக்கும் ஒரு ரசிகரைப் பிடித்துக் கேளுங்கள். டொராண்டோவில் அடி விழுந்த நொடியில் தான் எப்படிக் கத்தினேன் என்று சொல்வார்.